பின்னால் கேட்ட காலடி

கரவனெல்லயில் முழங்கால் வலிக்குக் கிளினிக் போய்த் திரும்பும் வழியில்தான் அவரைச் சந்தித்தேன். பக்கத்துத் தோட்டத்தில் றப்பர் மரங்களில் பால் வெட்டுகிறவர். முதுகெலும்பின் மூட்டுகள் ஒட்டி இறுகிவிட்டதால் அவருக்குக் கழுத்து திரும்பாது. யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடும் மெதுவாகத் திரும்புவார்.

பஸ்ஸை விட்டு இறங்கி, றப்பர் மரங்களுக்கு நடுவே இருவரும் நடந்தோம்.

"தங்கச்சி, பின்னால யாராச்சும் வர்றாங்களான்னு பாருங்களேன்," என்றார்.

பார்த்தேன். யாரும் இல்லை. சற்றுத் தூரம் போனதும் மறுபடியும் கேட்டார்.

"ஏண்ணே, பயமா இருக்கா?"

"காலடிச் சத்தம் கேக்குதும்மா. எக்ஸ்ரே பார்த்த டொக்டர், குடும்பத்துல வேற யாருக்கும் இது இருக்கான்னு கேட்டாரு. செத்துப்போன எங்கண்ணனுக்கு இருந்துச்சுன்னேன். அன்னையிலருந்து கேக்குது."

"அண்ணனுக்கு வைத்தியம் பாக்கலையா?"

"வாதம்னு எண்ணெய் மட்டுந்தான் தேய்ச்சோம். கடைசியில ரெண்டா மடிஞ்ச மாதிரி கூனிட்டாரு. எனக்கு மாத்திரை, தேகப்பயிற்சி எல்லாம் குடுத்திருக்காங்க. இதுக்கு மேல இறுகாம பாத்துக்கலாமாம். அவருக்குத்தான் ஒண்ணும் கெடைக்கல."

அவருடைய லயத்து வீட்டுக்குப் பிரியும் பாதையில் அவர் ஏறினார். நான் கீழேயே நின்று பார்த்தேன். அவருக்குப் பின்னால் காய்ந்த இலைகள் மிதிபடும் சத்தம் எனக்கும் கேட்டது. ஆளைக் காணோம்.

அவர் நின்றார். உடம்பு முழுவதையும் மெல்லத் திருப்பினார். ஒரு சின்னப் பிள்ளையின் உயரத்துக்குப் பார்வையைத் தாழ்த்தி, "வாண்ணே, மெதுவா வா," என்றார்.

அவர் முகத்தில் பயமே இல்லை. பிறகு, நடக்க முடியாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகிறவரைப் போல, நின்று நின்று மேலே ஏறிப் போனார்.