குப்புறக் கிடந்த பிரெஞ்சு சிப்பாய்

காரைக்காலிலிருந்து வந்து ஹூஸ்டனில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்த சவரிராயனுக்கு ஞானாதிக்கம் என்று ஓர் அண்ணன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து வியட்நாமுக்குப் போனவர். சாவுச் சேதி வந்தது, உடல் வரவில்லை. முகத்தைப் பார்க்காத சாவை நம்பமாட்டேன் என்று, முப்பது வருஷமாகியும் சவரிராயன் அண்ணனுக்கு இறந்தோர் பூசை வைக்கவிடவில்லை.

1985 மே ஐந்தாம் தேதி, கூட வேலை பார்த்த மெக்சிகோக்காரி லூபே அவரையும் மனைவி பிலோமினாவையும் தங்கள் திருவிழாவுக்குக் கூட்டிப் போனாள். 1862-இல் புவெப்லா ஊரில், சரியான துப்பாக்கிகூட இல்லாத தங்கள் ஜனம் பெரிய பிரெஞ்சுப் படையை அடித்து விரட்டிய நாளாம் அது. பெருமையாகச் சொன்னாள்.

மைதானத்தில் அந்தச் சண்டையையே நடித்துக் காட்டினார்கள். பிரெஞ்சுக்காரர்களாக நீலச் சட்டை போட்டவர்கள் ஒவ்வொருவராகச் சாய, சனம் கைதட்டியது. ஒருவன் குப்புற விழுந்து அசையாமல் கிடந்தான். சவரிராயன் தடுப்புக் கயிற்றைத் தாண்டி ஓடினார்.

"ஏங்க, வேஷங்க அது! மானம் போவுது, வாங்க!" என்று பிலோமினா கத்தினாள்.

அவர் அவன் தோளைப் பிடித்துப் புரட்டினார். வியர்த்த முகம் ஒன்று கண் திறந்து சிரித்தது.

"இவன் இல்ல பிலோ" என்று சொல்லிவிட்டு, அடுத்து விழுந்து கிடந்தவனிடம் போனார்.