எங்கள் வீட்டில் தங்கிய நண்டுகள்

அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, இருந்தார். நான் இருந்தேன், எட்டு வயது. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் ஒன்பது நண்டுகள் இருந்தன. நீலசந்திராவில் எங்களுக்கு ஒரே அறை. அன்று நண்டுகளுக்குத்தான் அதிக இடம்.

சென்னையிலிருந்து ஒரு மேடம் கடல் உயிர்களைக் கொண்டுவந்து ஆஸ்டின் டவுனில் ஒரு ஹாலில் காட்சி வைத்திருந்தார். வருகிறவர்களுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் விளக்கிச் சொல்ல ஆள் கேட்டார்கள். சம்பளம் கிடையாது. அப்பா போய் நின்றார். அவர் கோலார் தங்கவயல்காரர். சுரங்கத்தின் ஆழம் தெரியும், கடலைப் பார்த்ததில்லை. ஞாயிறு சாயங்காலம் உயிர்களைத் திரும்பக் கடலில் விட வேன் போகும். நன்றாக வேலை செய்தவருக்கு அதில் ஒரு சீட்டு. அதற்காக அப்பா வாயைத் திறந்தார். வீட்டில் திறக்காத வாய்.

“இது நண்டு. பக்கவாட்டுல நடக்கும். கை வெச்சா கவ்வும்.”

அவ்வளவுதான் விளக்கம்.

“கிலோ எவ்ளோண்ணா?” என்றாள் பார்க்க வந்த ஒருத்தி.

“விக்கிறதுக்கில்ல.”

“அப்ப என்னாத்துக்கு உயிரோட வெச்சிருக்கீங்க?”

அப்பா யோசித்தார். “அதுக்கும் இருக்கணும்னு ஆசை இருக்கும்ல.”

மேடம் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். சீட்டு அப்பாவுக்குத்தான் என்றார்.

சனிக்கிழமை ஹாலை வேறு விசேஷத்துக்கு விட்டிருந்தார்கள். தொட்டிகளை ஆளுக்கொன்றாக வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார்கள். எங்களுக்கு நண்டு வந்தது.

மறுநாள் காலையில் தொட்டிக்குள் ஒரு நண்டு ஓடு கிடந்தது. கால், கொடுக்கு எல்லாம் முழுசு. உள்ளே ஒன்றுமில்லை, சுத்தம். எங்கள் வீட்டில் நண்டை அப்படி உறிஞ்சுகிறவள் நான் ஒருத்திதான். அம்மா என்னைப் பார்த்தாள். ஓட்டைக் குப்பை டப்பாவில் போட்டு, மேலே வெங்காயத் தோலைப் போட்டாள். சித்தப்பா டப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அப்பா நண்டுகளை எண்ணிவிட்டு என்னைப் பார்த்தார். முகம் கழுவாததற்குப் பார்க்கிறார்கள் என்று நினைத்து, போய் வாயை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்தேன்.

தொட்டியை எடுத்துப்போக மேடம் வந்தார். எண்ணினார். எட்டு.

“ஒண்ணு எங்க சார்?”

“நான் தின்னுட்டேன்,” என்றார் அப்பா. சீட்டு போனது எனக்கே தெரிந்தது.

“அவரில்லீங்க, நான்தான்,” என்றாள் அம்மா.

“அண்ணிக்கு நண்டு ஆகாது மேடம், உடம்பெல்லாம் தடிச்சிரும். நான்தான் தின்னேன்,” என்றார் சித்தப்பா.

“சமைச்சா?”

“பச்சையா,” என்றார் அப்பா.

“கொஞ்சம் உப்பு போட்டு,” என்றாள் அம்மா.

எனக்கு ஆத்திரம் வந்தது. மூன்று பேரும் தின்றிருக்கிறார்கள், ஒரு கால்கூட எனக்கு வைக்கவில்லை. “எனக்கு ஏன் தரல?” என்று கத்தி அழுதேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

மேடம் ஓட்டைக் கேட்டார். அம்மா வெங்காயத் தோலுக்கடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பின்பக்கம் பிளந்திருந்ததைப் பார்த்ததும் மேடத்துக்குச் சிரிப்பு. தொட்டியில் கிடந்த கல்லைத் தூக்கினார். அடியில் ஒன்று வெளுத்துப்போய் மெத்தென்று உட்கார்ந்திருந்தது.

“சட்டை மாத்தியிருக்கு சார். புது ஓடு கெட்டியாகிற வரைக்கும் இப்படித்தான் ஒளிஞ்சிருக்கும்.”

தின்னாத நண்டைத் தின்றோம் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். அம்மா என் மூக்கைத் துடைத்துவிட்டாள். பெரியவர்கள் சும்மாவே பொய் சொல்வார்கள் என்று முடிவுகட்டினேன். அப்பா கிளம்பும்போது என் தலையில் கை வைத்தார். தட்டிவிட்டேன்.

வேனில் ஏறியதும் அப்பா தொட்டியை மடியில் வைத்து மறுபடி எண்ணினார்.

ஒன்பது.