ஹெல்மெட்டோடு காத்திருந்த அப்பா

சனிக்கிழமை காலை பத்து இருபது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது ஒரு மஞ்சள் ஹெல்மெட். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரின் தலையில் இருந்தது. முகக் கண்ணாடியையும் இறக்கிவிட்டிருந்தார். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

மனநல ஆலோசகர் ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று போயிருந்தேன். குழந்தைகள், டீன் ஏஜ் பிள்ளைகள், பெரியவர்கள் என எல்லா வயதினரையும் பார்க்கிறவர். தேன்மொழி என்று வைத்துக்கொள்வோம். இதில் வருகிற எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். தேன்மொழி என்னைப் பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருந்தார். பத்திரிகைக்காரன் புத்தி... முன்னாலேயே போய்விட்டேன்.

"வண்டிய நிழல்ல விட்டிருக்கீங்களா சார்?" என்று ஹெல்மெட்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"வண்டி ஏது? பஸ்லதான் வந்தோம். சிதம்பரம்."

பஸ்ஸுக்கு எதற்கு ஹெல்மெட்? நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால் சில சமயம் பதில் சீக்கிரம் வரும்.

வந்தது. "தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்துட்டா என்ன பண்றது சார்?"

அவர் பெயர் செல்வம். மோட்டார் ரிவைண்டிங் கடை வைத்திருக்கிறார். மகள் காவ்யா பதினொன்றாவது படிக்கிறாள். ஸ்கூல் கேட் பக்கம் போனாலே அவளுக்கு மூச்சு வாங்குகிறது. கொஞ்ச நாளில் ஸ்கூலுக்குப் போவதும் நின்றது. வீட்டில் பேச்சும் நின்றது. அன்று உள்ளே தேன்மொழியுடன் இருந்தாள்.

"இங்க வர ஆரம்பிச்ச பொறவுதான் ரெண்டு வார்த்த பேசுது. ஆனா வெளிய தெரிஞ்சா என்ன சொல்வாங்க? நாளைக்கு அதுக்குக் கல்யாணம் காட்சின்னு ஒண்ணு இருக்கே."

படியில் செருப்புச் சத்தம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உள்ளே வந்தார். முக்காட்டைச் சரிசெய்தபடி பெஞ்சைப் பார்த்தவர், அப்படியே நின்றார்.

"என்ன செல்வம் அண்ணே... ஃபேனுக்கு அடியிலயுமா ஹெல்மெட்டு?"

எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்கு ஆச்சரியம். எழுந்து பின்பக்கம் பார்த்தேன். 'செல்வம் மோட்டார் ரிவைண்டிங்' என்று ஹெல்மெட்டில் பெரிய எழுத்தில் பெயின்ட் அடித்திருந்தது. முகத்தை மறைக்க மனிதர் தன் கடை போர்டையே தலையில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"வாம்மா ஜமீலா. பொண்ணுக்குக் கண்ணு டெஸ்ட்டு... அதான்."

"நானும் கண்ணுக்குத்தான்ணே வந்தேன்."

அந்த மாடியில் கண் டாக்டர் யாரும் இல்லை. இருவரும் சிதம்பரத்தில் ஒரே தெரு. யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் வந்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உள்ளறைக் கதவு திறந்தது. காவ்யா வெளியே வந்தாள், பின்னாலேயே தேன்மொழி. செல்வம் விருட்டென்று எழுந்தார்.

"காவ்யா, கெளம்பு. இனிமே இங்க வர வேணாம்."

காவ்யா பின்னால் நகர்ந்தாள். சுவரோடு ஒட்டி நின்றாள். மூச்சு வேகமாகிவிட்டது. என் நாற்காலி வரை கேட்டது.

இந்த இடத்தில் நானாக இருந்தால் அப்பாவோடு வாதம் செய்திருப்பேன். நீங்கள்? தேன்மொழி முதலில் காவ்யாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "மெதுவா... அவசரம் இல்ல" என்றார். அவள் உட்கார்ந்ததும், செல்வத்துக்குப் பக்கத்தில் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"அதக் கழட்டுறீங்களா? எனக்கு உங்க முகமே தெரியல."

கழற்றினார். தலையெல்லாம் வியர்வை.

"இப்ப எது பயமா இருக்கு?"

"எனக்கென்னம்மா பயம்? ஊர் வாய்க்குத்தான்..."

தேன்மொழி பதில் சொல்லவில்லை. அடுத்த கேள்வியும் கேட்கவில்லை. எங்கள் தொழிலிலும் மௌனம் உண்டு. ஆனால், அதில் எதிராளி மாட்டிக்கொள்வாரா என்று பார்ப்போம். இது வேறு. செல்வம் பேசாவிட்டாலும் பரவாயில்லை என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

செல்வம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பெத்தவன் என்னாத்தடா பண்ணித் தொலச்சான், புள்ள இப்படி ஆயிடுச்சேன்னுதான எல்லாரும் கேப்பாங்க?"

"கேக்கறவங்க கேப்பாங்க. நான் கேக்கல."

அவ்வளவுதான் சொன்னார். செல்வம் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

ஜமீலா இன்னும் வாசலிலேயே நின்றிருந்தார். "அண்ணே, எங்கம்மா மவுத்தானதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. அதுக்குத்தான் இங்க வரேன். கண்ணுல தண்ணி வடியுதுன்னு வீட்ல சொல்லியிருக்கேன். அது பொய்யும் இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க என்னப் பாக்கல, நான் உங்களப் பாக்கல. சரியா?"

"அத்த, நான் பாத்துட்டனே" என்றாள் காவ்யா.

அன்று அவள் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம்.

"நீ பாத்தா பரவால்லடி. ஒனக்கு வாயே இல்லன்னு தெருவே சொல்லுது."

காவ்யா சிரித்தாள். செல்வம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, "அடுத்த வாரம்?" என்று தேன்மொழி கேட்டதற்கு, "பாக்கலாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஜமீலாவும் பேசிவிட்டுப் போன பிறகு என் முறை. சிறுபிள்ளைகள் வந்தால் தரையில் உட்காருவாராம். டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு முகத்துக்கு நேரே பேசினால் பிடிக்காது. அதனால் இரண்டு நாற்காலியையும் ஜன்னலைப் பார்க்கப் போட்டிருக்கிறார். கீழே மைதானத்தில் நடக்கும் கிரிக்கெட்டில்தான் பல பேச்சுகள் ஆரம்பிக்குமாம். பெரியவர்கள்? "என் ஃப்ரெண்டு ஒருத்தருக்கு ஒரு பிரச்சினைன்னு ஆரம்பிப்பாங்க சார். நானும் அந்த ஃப்ரெண்டுக்கே பதில் சொல்வேன். அவுங்களா 'நான்'னு சொல்ற வரைக்கும் அவசரப்பட மாட்டேன்."

வாரத்தில் இரண்டு நாள் சிதம்பரத்திலும் உட்காருகிறார். அங்கே யார் வருவார்கள் என்று கேட்டேன்.

"கடலூர்க்காரங்க" என்றார். "சிதம்பரத்துக்காரங்க இங்க வருவாங்க. ரெண்டு ரூமையும் ஒரே ஊர்ல போட்டிருந்தா ஒருத்தரும் வந்திருக்க மாட்டாங்க."

பல்வலிக்கு இந்த நாட்டில் யாரும் ஊர் மாறிப் போவதில்லை. மனசு வலித்தால் மட்டும் பஸ் ஏறுகிறோம். உள்ளே பேசுவது வெளியே போகாது என்று தேன்மொழி எத்தனையோ முறை சொல்லியும் செல்வத்துக்கு நம்பிக்கை வரவில்லை. ஜமீலா சொன்னதை மட்டும் எப்படி நம்பினார்? நம்பினாரா என்பதே அன்று எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் எழுதலாமா என்று அவர்களிடம் கேட்பதற்காக அடுத்த சனிக்கிழமை மறுபடி போனேன். காவ்யாவும் ஜமீலாவும் ஒன்றாகப் படியேறி வந்தார்கள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இருவரையும் பஸ் ஏற்றிவிட்டது செல்வம்தானாம்.