எதிர் நாற்காலி

தூத்துக்குடியில் சரக்குக் கப்பல் அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. போன வருடம் பயிற்சிக்காகத் தனியாகச் சென்னைக்குப் போயிருந்தேன். மதியம் ஓர் ஓட்டலுக்குள் நுழைந்தபோது எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் கூச்சமாக இருந்தது. அதுவரை தனியாக ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. "எத்தனை பேர்?" என்று சர்வர் கேட்டதும், "ரெண்டு பேர். அவர் வந்துட்டிருக்கார்" என்று சொல்லிவிட்டேன்.

கூட்டம் சேர்ந்தது. முழங்காலில் கட்டுப் போட்டிருந்த ஓர் அம்மா என் மேஜையருகே வந்து, "இங்கன யாரும் இருக்காவளா?" என்று கேட்டார். எங்கள் ஊர்ப் பேச்சு. இருந்தும், சொன்ன பொய்யை மாற்ற வாய் வரவில்லை. "ஆள் வர்றாங்க" என்றேன். அவர் சுவரில் சாய்ந்து நின்றார். நான் செல்போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் சர்வர் திரும்ப வந்து, நான் சொன்ன ஆள் வருவாரா மாட்டாரா என்று கேட்டார். "வரல" என்றேன்.

அந்த அம்மா காலை மெல்ல மடக்கி எதிரே உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போன எடுக்கலையோ? ஏதாச்சும் சோலியா இருப்பாவ. நீ சாப்பிடும்மா" என்றார். தூத்துக்குடிக்குப் பக்கத்துத் தருவைகுளத்திலிருந்து மூட்டு வைத்தியத்துக்கு வந்தாராம். "உனக்கு எந்த ஊரு?"

"சென்னைதான்" என்றேன்.

பாதிச் சோற்றோடு எழுந்து கைகழுவப் போனேன். கல்லாவில் பணத்தைக் கட்டிவிட்டு, அவர் பக்கம் திரும்பாமலே வெளியே வந்தேன்.