தொண்ணூறு கிலோ தாங்கும் சக்கரம்

துணி ரோல்களை நிறுக்கும் மேடைத் தராசின் மேல் இரண்டு சைக்கிள் சக்கரங்களைப் படுக்கவைத்துவிட்டு, மாஸ்டர் கைகட்டி நின்ற காட்சிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. சனிக்கிழமை சாப்பாட்டு நேரம். நிட்டிங் மிஷின்கள் நின்று போயிருந்தன. டயர், டியூப் எல்லாவற்றையும் கழற்றி வெறும் வளையங்களாகக் கொண்டுவந்திருந்தார். இரண்டு கிலோ நூற்று நாற்பது கிராம் என்று சிவப்பு எழுத்தில் காட்டியது. "பாத்தியளா தம்பி, இந்த ரெண்டு கிலோவத்தான் வாராவாரம் மலைக்குச் செமந்துட்டு வாரேன்" என்றார். "மலைக்கு எங்கீங்க வந்தீங்க? அடிவாரத்துக்கே நாங்க சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான வர்றீங்க" என்று நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதனால்தான் அது அவருக்கு விளையாட்டு விஷயம் அல்ல என்று எனக்குப் புரிந்தது.

சென்ற வாரம் எங்கள் சைக்கிள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், கையைக் கடிக்காத விலையில் எடை குறைந்த சக்கரம் எது வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார். குழுவில் இந்த மாதிரிக் கேள்விகள் என்னிடம்தான் வரும். நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் துணிப் பரிசோதனைக்கூடத்துக்கு நான் பொறுப்பாளன். வட்டக் கத்தியால் துணியை ரூபாய் நாணயம் போல வெட்டி, நிறுத்துப் பார்த்து, சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று எழுதுவது என் பிழைப்பு. துணி வாங்கும் பையர் நூற்று அறுபது கேட்டால் ஐந்து சதவீதம் கூடலாம், ஐந்து சதவீதம் குறையலாம். நூற்று ஐம்பத்திரண்டிலிருந்து நூற்று அறுபத்தெட்டு வரை பாஸ். அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ தாண்டினால் சிவப்பு ஸ்டிக்கர். இதை இத்தனை வருடம் செய்தால் மனிதனுக்கு ஒரு தலைக்கனம் வந்துவிடும். உலகத்தில் எதைக் கொடுத்தாலும் பாஸா ஃபெயிலா என்று சொல்லிவிடலாம் என்று தோன்றும். எனக்கும் அப்போது தோன்றியது.

மாஸ்டர் எங்கள் கம்பெனியின் பிரிண்டிங் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நல்ல உயரம், அதற்கேற்ற பருமன், பழைய கதாநாயகர்கள் மாதிரி ஒரு மீசை. எங்கள் குழுவில் எட்டுப் பேர். ஞாயிறு விடிகிற நேரத்தில் கிளம்பி ஊத்துக்குளி வழியாகச் சென்னிமலைக்குப் போவோம். மலைப்பாதையில் மிதித்து ஏறி, இறங்கி, அடிவாரத்தில் ஒரு கடையில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவோம். சைக்கிள் ஓட்டுவது எதற்கு என்று யாராவது சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டால், அந்த இட்லிக்குத்தான் என்று எட்டுப் பேரில் ஏழு பேர் ஒப்புக்கொள்வார்கள். எட்டாவது ஆளான மாஸ்டர் அந்தப் பந்தியில் உட்கார்ந்ததே இல்லை. வழியில் வரும் ஏற்றங்களிலேயே பின்தங்கி விடுவார். அவர் வந்து சேரும்போது நாங்கள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருப்போம். நின்றபடியே ஒரு டீயைக் குடித்துவிட்டு எங்களோடு திரும்பி விடுவார். காலை ஆராதனையை விட்டுவிட்டு, சாயங்காலம் போய்க்கொள்கிறேன் என்று வீட்டில் சண்டை போட்டு வருகிற மனிதருக்கு அந்த ஒரு டீதான் மிச்சம். "எனக்கு மத்ததெல்லாம் வேண்டாம் தம்பி. ஒரே ஒரு நாள் ஒங்ககூட மலையேறி எறங்கி, ஒண்ணா ஒக்காந்து திங்கணும்" என்றார் அன்று தராசு முன்னால்.

அடுத்த பத்து நாள் சாப்பாட்டு நேரமெல்லாம் எங்களுக்குச் சக்கர ஆராய்ச்சிதான். நான் ஒரு கையில் தயிர்சாதமும் மறு கையில் போனுமாக உட்கார்ந்திருப்பேன். அவர் தோள் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். கார்பன் சக்கரங்களின் விலைக்கு நல்ல பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கிவிடலாம். அதைப் பார்த்து "அது முதலாளிமாருக்கு, கீழ எறக்குங்க" என்று விரலால் தள்ளினார். தீபாவளி போனசில் வீட்டுக்குக் கொடுத்தது போக மிஞ்சும் பணத்துக்குள் முடிக்க வேண்டும். அலுமினியத்தில் இரண்டு ஜோடி தேறின. ஒன்று ஆயிரத்து எழுநூற்றைம்பது கிராம். முன்னால் இருபத்தெட்டு, பின்னால் முப்பத்திரண்டு கம்பி. விலையும் கொஞ்சம் குறைவு. பார்க்க நம் ஊர்ச் சைக்கிள் சக்கரம் போலவே சாதுவாக இருந்தது. இன்னொன்று ஆயிரத்து ஐந்நூற்றைம்பது. முன்னால் இருபது, பின்னால் இருபத்து நான்கு கம்பிதான். கறுப்பாக, ஒல்லியாக, நின்றாலே ஓடுவது போல இருந்தது. அவருடைய பிரேக் ரிம்மைக் கவ்வும் வகை, அதற்கு இது பொருந்துமா என்று பார்த்தேன். பின்னால் இருக்கும் எட்டுப் பல்சக்கரமும் இந்த ஹப்பில் ஏறுமா என்று பார்த்தேன். பழைய டயரையே போடலாமா, பேரிங் போனால் இங்கே கிடைக்குமா என்றெல்லாம் விற்கிறவனுக்கு எழுதிக் கேட்டேன். உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த ஆயிரத்து ஐந்நூற்றைம்பது என்ற எண் எனக்குப் பிடித்துப் போயிருந்தது. மற்றதெல்லாம் அதற்குச் சாக்கு.

அந்தச் சக்கரத்தின் விவரத்தில் கடைசி வரியில் பொடி எழுத்தில் ஒன்று போட்டிருந்தான். ஓட்டுபவர் எடை தொண்ணூறு கிலோ வரை. மாஸ்டரை மேடைத் தராசில் ஏறச் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு, தேர்வு எழுதும் பையன் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொண்ணூற்று நான்கு. "நாலு கிலோ கூடப்போச்சே" என்று முகம் வாடினார். நான் கணக்குப் போட்டேன். தொண்ணூறில் ஐந்து சதவீதம் நாலரை கிலோ. "தொண்ணூத்தி நாலரை வரைக்கும் டாலரன்ஸ்ங்க மாஸ்டர். நீங்க பாஸுங்க" என்றேன். சக்கரம் செய்தவன் போட்ட எல்லைக்கு நான் எங்கள் துணிக் கணக்கைப் போட்டேன். வேறு எந்த ஊர்க்காரனும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க மாட்டான். இந்த ஊரில் எட்டுப் பேரில் ஒருவர்கூட அதைத் தப்பு என்று சொல்லவில்லை, எல்லாருக்கும் அது நியாயமாகவே பட்டது.

புதுச் சக்கரத்தோடு முதல் இரண்டு ஞாயிறும் அவர் பறந்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் மலையிலிருந்து இறங்கும்போது அடிவாரத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். மூன்றாவது ஞாயிறு எங்களுக்குப் பின்னாலேயே மலைப்பாதையில் ஏறத் தொடங்கினார். முன்பெல்லாம் அவர் எங்கே வருகிறார் என்று நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவேன். அன்று பார்க்கவில்லை. அதுதான் புதுச் சக்கரம் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். நாங்கள் உச்சிக்குப் போய், வெகுநேரம் பார்த்துவிட்டு இறங்கினால், இரண்டாவது வளைவில் கைப்பிடிச் சுவர் மேல் மாஸ்டர் உட்கார்ந்திருக்கிறார். பின் சக்கரத்தில் ஒரு கம்பி அறுந்து, ரிம் கோணி, பிரேக்கில் உரசி நின்றுவிட்டது. அவர் கொண்டுவந்த வாழைப்பழத்தைப் பக்கத்தில் ஒரு குரங்கு தின்றுகொண்டிருந்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது. "தம்பி, ஒங்க டாலரன்ஸ் ஒடஞ்சு போச்சு" என்றார் அவர். அந்த நிலைமையிலும் எல்லாரும் சிரித்துவிட்டோம்.

சக்கரத்துக்குப் பெண்டு எடுத்துக் கம்பி மாற்றிய கடைக்காரர் என்னைப் பார்த்து, "ஏனுங்க, இது எலும்பும் தோலுமா இருக்கறவங்களுக்குப் பண்ணுன வீலுங்க. இவருக்கு முப்பத்திரண்டு கம்பி போட்டுக் குடுத்திருந்தா யானையே ஏறலாமுங்க" என்றார். நான் இந்தச் சக்கரத்தை எடுத்துக்கொண்டு, அந்தச் சாதுவான ஜோடியை வாங்கித் தருகிறேன் என்று மாஸ்டரிடம் எவ்வளவோ சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. "வீலு சரியாத்தான் இருக்கு. ஆளுதான் ஸ்பெக்கு எல்லைக்கு வெளிய நிக்கான். வீல மாத்துததுக்குப் பதிலா ஆள மாத்திருவோம்" என்றார்.

அப்படித்தான் சனிக்கிழமை நிறுவை தொடங்கியது. சாப்பாட்டு மணி அடித்ததும் மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறுவார். லேப் பெண்கள், ரோல் இறக்கும் ஒடிசாக்காரர், நான் எல்லாரும் சுற்றி நிற்போம். ஒடிசாக்காரர் குனிந்து பார்த்து, "மாஸ்டர்ஜி, ஏக் கிலோ கம்" என்று, ஒரு கிலோ குறைந்ததை இந்தியில் கத்துவார். நான் கைதட்டுவேன், மற்றவர்களும் தட்டுவார்கள். மாஸ்டர் மேடையில் நின்றபடியே கும்பிடு போடுவார். மதியச் சோற்றைப் பாதியாக்கி, ஸ்வீட் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருந்தார். இரண்டு மாதத்துக்குள் தொண்ணூற்றைத் தொட்டார். அன்று லேப்பில் துணிக்குக் குத்தும் பச்சை முத்திரையை அவர் புறங்கையில் குத்தினேன். "இனிமே ஒங்க தயவு வேண்டாம்லா" என்று என் தோளில் ஓர் அடி போட்டார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனது நிறைகிறது. ஒரு மனிதர் எண்ணெய்ப் பிசுக்குத் தராசின் மேல் நின்றுகொண்டு எங்கள் எல்லாரையும் சந்தோஷப்படுத்தினார். வாரம் முழுக்க ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்த நாங்கள் அந்தப் பத்து நிமிடம் சொந்தக்காரர்களாக இருந்தோம்.

தொண்ணூறோடு நிற்கவில்லை. எண்பத்தெட்டு, எண்பத்தேழு என்று இறங்கிக்கொண்டே போனது. "ரெண்டு வாரமா புரோட்டாவும் சால்னாவும் தின்னுட்டுத்தான் இருக்கேன் தம்பி. அப்பமும் கொறையுது. இந்த வீலு ராசி" என்றார் ஒரு சனிக்கிழமை. நானும் ராசிதான் என்று சொல்லிச் சிரித்தேன். எண்பத்து நான்கு காட்டிய வாரத்தின் ஞாயிறன்றுதான் அவர் எங்களோடு மலையேறினார். கடைசி வளைவில் நான் அவருக்கு முன்னால் போகாமல் பக்கத்திலேயே மிதித்தேன். மேலே போய்ச் சேர்ந்ததும் அவர் சைக்கிளின் மேல் கவிழ்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கீழே வந்து எங்கள் வரிசையின் நடுவில் உட்கார்ந்தார். இலை போட்டு ஆவி பறக்க இட்லி வைத்தார்கள். கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். மற்ற ஏழு பேரும் அவர் முடிக்கிற வரை இலையைத் தொடாமல் இருந்தோம். இரண்டு இட்லிக்கு மேல் அவரால் சாப்பிட முடியவில்லை. ஆசைப்பட்டது கிடைத்தால் வயிறு நிறைந்துவிடும் போல என்று ஒருவர் கிண்டல் செய்தார். அவரும் ஆமாம் என்றார்.

அதற்குப் பிறகு அவர் மூன்றே ஞாயிறுதான் வந்தார். முதுகு வலி என்றார். கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கணையத்தில் நோய் முற்றியிருந்தது. அடுத்த தீபாவளி போனஸ் போடும்போது அவர் இல்லை.

புதிதாகச் சேர்ந்தவருக்கு நான் சக்கரம் சொல்லிவிட்டேன். இருநூறு கிராம் கூட இருந்தாலும் கம்பி அதிகம் இருப்பதை வாங்குங்கள், எல்லை என்று போட்டிருந்தால் அது எல்லைதான், அதற்கு மேல் ஒரு கிலோகூட இல்லை என்றேன். அவர் எடை எவ்வளவு என்று கேட்டேன். போன மாதம் எவ்வளவு இருந்தீர்கள் என்றும் கேட்டேன். இது எதற்கு என்று அவர் விழித்தார். நூற்று ஐம்பத்திரண்டுக்குக் கீழே ஒரு கிராம் குறைந்தால் ரோலைத் திருப்பி அனுப்புகிறவன் நான். நூல் எங்கே போனது என்று நிட்டிங்காரனை நிற்கவைத்துக் கேட்கிறவன். தொண்ணூறுக்கு ஐந்து சதவீதம் குறைவான எண்பத்தைந்தரைக்குக் கீழே ஒரு மனிதர் என் கண் முன்னால் இறங்கியபோது, எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை.

மாஸ்டரின் மனைவி வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போகும் முன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சைக்கிளை என்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தாராம். சாமான்களெல்லாம் மூட்டையாகக் கிடந்தன. கட்டாமல் வைத்திருந்த ஒரு டம்ளரில் எனக்கு டீ கொடுத்தார். அவர் என்னைக் குறை சொல்லிப் பேசவில்லை. தனக்குள் பேசிக்கொள்வது போலத்தான் சொன்னார். "சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிட்டு. எளச்சிட்டே போறியளே, ஒரு டாக்டரப் பாருங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். 'அங்க ஃபேக்டரியில எல்லாரும் எனக்குக் கைதட்டுதாவ, நீ என்னன்னா அழுதுட்டு நிக்க'ன்னு சொல்லிட்டுப் போவாவ சார்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். எல்லாரும் என்று அவர் சொன்னதை என்னால் திருத்த முடியவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் முதலில் கைதட்டியவன் நான்தான்.