மாஸ்க் அலமாரியின் சாவி

அதிகாரி ஐயா, நீங்கள் சொன்னது பொய். கடலூர் சிப்காட்டில் உங்கள் கம்பெனி நடத்திய பாதுகாப்பு வார விழாவில் மைக்கைப் பிடித்து, "மாஸ்க் கொடுத்தாலும் தொழிலாளிகள் போடுவதில்லை, அவ்வளவு அலட்சியம்" என்றீர்கள். நார்வேக்குப் படிக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்த நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.

இங்கே நார்வேயில், எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு பெயர், ஒரு மாஸ்க். பூட்டு கிடையாது. வந்த புதிதில், யாராவது எடுத்துவிடுவார்கள் என்று என் மாஸ்க்கைப் பையில் போட்டு அறைக்கே கொண்டுபோனேன். காணாமல்போனதாக ஊரே தேடியிருக்கிறது.

படிப்பு தொழிலிடப் பாதுகாப்பு. ஆய்வுக்கு ஒரு கேள்வி வேண்டும். உங்கள் பேச்சிலிருந்தே எடுத்தேன்: 'ரசாயனத் தொழிலாளர்கள் ஏன் மாஸ்க் அணிவதில்லை?' விடுமுறையில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அதைச் செல்வம் மச்சானிடம் சொன்னேன். என் அக்கா புருஷன், உங்களிடம்தான் வேலை. குடித்த டீ அவர் மூக்கு வழியாக வந்தது.

"ஏன் மாப்ள, இதுக்கா பிளேன் ஏறிப் போன? மாஸ்க்கு ஆபீஸ் ரூம்ல கண்ணாடி அலமாரில இருக்கு. சாவி அதிகாரி இடுப்புல. இன்ஸ்பெக்டர் வந்தா தொறப்பாங்க. இல்லன்னா ஆயுத பூசைக்கு. சந்தனம் வெச்சு சூடம் காட்டிட்டு மறுபடி பூட்டிடுவாங்க."

"அப்ப மூஞ்சில எதக் கட்டிக்கிறீங்க?"

"ஒங்க அக்கா பழைய சீலதான். சோப்பு வாசன கொஞ்சம் ஜாஸ்தி." சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "மாஸ்க்கு போடலன்னு மெமோ குடுத்துருக்காங்க மாப்ள. இன்னொண்ணு வந்தா வேல காலி. நீ நார்வேலேந்து அவுங்களுக்கு சாட்சி சொல்லப்போறியா?"

திரும்பி வந்து பேராசிரியரிடம், கேள்வியை மாற்ற வேண்டும், அலமாரி பூட்டியிருக்கிறது என்றேன்.

"சாவி தொலைந்துவிட்டதா? பூட்டுத் திறப்பவரைக் கூப்பிடலாமே" என்றார், உண்மையான அக்கறையோடு.

"தொலையவில்லை! அதிகாரியின் இடுப்பில் தொங்குகிறது!" மேசையில் ஓங்கிக் குத்தினேன்.

மனிதர் பயந்துபோய்க் காபி ஊற்றிக் கொடுத்தார். தன் பாதுகாப்பு கருதியோ என்னவோ, புதுக் கேள்விக்குக் கையெழுத்தும் போட்டார்: 'மாஸ்க் அலமாரியின் சாவி ஏன் தொழிலாளியிடம் இல்லை?'

என் ஆணிக்குப் பக்கத்து ஆணி காலியாக இருந்தது. அதில் 'செல்வம்' என்று தமிழில் எழுதி, அக்கா சேலையில் கிழித்த துண்டை மாட்டியிருக்கிறேன். தினமும் என் மாஸ்க்கை எடுக்கும்போது குடிகாட்டில் இருக்கும் அக்கா வீட்டின் சோப்பு வாசனை அடிக்கிறது. மாட்டிக்கொண்டால் அதுவும் போய்விடுகிறது; மாஸ்க் அவ்வளவு நல்ல மாஸ்க்.

ஐயா, அடுத்த பாதுகாப்பு வாரத்திலும் அதே மைக் இருக்கும். மச்சான் முன்வரிசையில் உட்காருவார். அவர் முகத்தைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்: அந்தச் சாவி ஏன் உங்கள் இடுப்பில் இருக்கிறது?