செம்புப் பானையும் சூடு ஏறாத பாத்திரமும்

புளி தேய்த்துக் கழுவிய செம்புக்கு ஒரு வாசனை உண்டு. கையில் ஒட்டிக்கொண்டால் சோறு தின்னும்போதும், பள்ளிக்கூடத்தில் சிலேட்டைத் துடைக்கும்போதும், தூங்குவதற்காகக் கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொள்ளும்போதும் அது மூக்குக்கு வந்துகொண்டே இருக்கும். தென்காசியில் எங்கள் வீட்டில் செம்பு நிறைய இருந்தது, ஏனென்றால் அப்பாவுக்குக் கடைவீதியில் பாத்திரக் கடை. விற்காமல் நின்றதும் விளிம்பு நசுங்கியதும் வீட்டுக்கு வந்துவிடும். சாரல் காலத்தில் இவற்றோடு மாரடிப்பதுதான் எனக்கும் அம்மாவுக்கும் வேலை. குற்றாலத்தில் அருவி விழுந்தால் எங்கள் தெருவில் ஈரம் காயாது, ஈரத்தோடு உள்ளே வைத்த செம்பு இரண்டு நாளில் கறுத்து, இடுக்குகளில் பச்சைக் களிம்பு கட்டிவிடும், அதைத் திரும்பப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும், தேய்த்ததும் மறுபடி சாரல் அடிக்கும்.

சோறு வடிப்பதும் செம்புப் பானையில்தான். உள்ளே ஈயம் பூசிய பெரிய பானை. வெறுமனே தூக்கினாலே எனக்குக் கை இறங்கிவிடும், சோறும் கஞ்சியுமாகக் கொதிக்கும்போது அம்மாவுக்கே அது பாரம். பழைய வேட்டித் துணியை இரண்டு கைக்கும் முறுக்கிச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, ஒரு "எம்மா" சொல்லித்தான் இறக்குவாள். அந்தத் துணிக்கு எங்கள் வீட்டில் "பிடித்துணி" என்று பெயர், அது இல்லாமல் அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்பது எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

ஐம்பதுகளின் கடைசியில் அப்பாவின் கடைக்கு அலுமினியம் வந்தது. தெருவில் அதை "ஈயச்சட்டி" என்றார்கள், அதில் ஈயம் துளியும் கிடையாது. வெள்ளை வெளேரென்று இருந்தது, தட்டினால் செம்பைப் போல ஓசை நீளாமல் உடனே அடங்கியது, ஒரு விரலில் மாட்டித் தூக்கலாம்போல எடை. உள்ளே பூச்சு போட வேண்டாம், களிம்பு பிடிக்காது. ஆனால் செம்புக்கு முகம் கழுவிவிடுகிற அதே புளி இதற்கு ஆகாது. புளிக்குழம்பை வைத்து மறந்துபோனால் உள்ளே புள்ளி புள்ளியாக அரித்துவிடும். வசதியான வீடுகளில், "ஆஸ்பத்திரியிலயும் ஜெயில்லயும் சோறு போடுத சட்டியை வீட்டுக்குள்ள விடுவாகளா" என்று முகத்தைச் சுளித்தார்கள். வாங்கிப் போட்ட சரக்கு விற்காமல் கிடந்தது. தான் விற்கிற பொருள் எப்படி என்று தனக்குத் தெரிய வேண்டும் என்று அப்பா ஒரு பானையை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார்.

அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. தண்ணீர் சீக்கிரம் கொதித்தது, விறகு மிச்சமானது. எல்லாவற்றுக்கும் மேல், அந்தப் பானைக்கு அவள் பிடித்துணியைத் தேடவில்லை. கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையை விளிம்பில் விரல்களைக் கொடுத்து அலுங்காமல் இறக்கி, மூடியைச் சாய்த்துப் பிடித்துக் கஞ்சியை வடித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல அரிவாள்மணையில் போய் உட்கார்ந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சுடலையா?" என்றார்.

"இல்லையே. செம்புதான் சுடும். இது லேசுல்லா."

அப்பாவுக்கு இது போதுமானதாக இருந்தது. மறுநாளிலிருந்து கடையில் அவருடைய பேச்சே மாறிவிட்டது. "செம்பு நெருப்ப விழுங்கி வச்சிக்கிடும், இது அப்பமே வெளிய விட்டுரும், பிடிச்சா சூடு ஏறாது. நம்பலைன்னா எங்க வீட்ல வந்து பாருங்க, வெறுங்கையால எறக்குதா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். இத்தனை வருஷம் உலோகத்தோடு புழங்கிய மனிதர், ஒரு தடவை தன் விரலை வைத்துப் பார்த்திருக்கலாம். வைக்கவில்லை. அடுப்பங்கரை அம்மாவுடையது, கடை அவருடையது; அங்கே நடப்பதை இங்கே சொல்லலாம், இங்கே இருப்பவர் அங்கே போய்ப் பானையைத் தொடுகிற வழக்கம் எங்கள் பக்கத்து ஆண்களுக்குக் கிடையாது. எனக்கோ அம்மாவைப் பற்றிக் கடைவீதி முழுக்கப் பேசுகிறார்கள் என்று பெருமை. வகுப்பில் நானும் சொன்னேன். சூடு ஏறாத பாத்திரம் எங்கள் கடையில் இருக்கிறது என்று வீரகேரளம்புதூர் வரைக்கும் பேச்சு போனது.

இப்போது நினைத்தால் எல்லாம் கண்ணுக்கு முன்னால்தான் இருந்திருக்கிறது. அம்மாவின் விரல் நுனிகளில் கொப்புளம் இருக்கும், கேட்டால் "எப்பம் சுட்டுச்சோ தெரியல, எண்ணெய் தெறிச்சிருக்கும்" என்பாள். முழங்கைக்குக் கீழே வெளுத்த ஒரு திட்டு இருந்தது, தேமல் என்று சொல்லிக்கொண்டோம். அந்தச் சாரலில் ஐந்தருவிக்குப் போயிருந்தபோது பெண்களெல்லாம் பல் கிட்டித்து நடுங்க, அம்மா தண்ணீருக்குள் கையை நீட்டியபடி நின்று, "மேலெல்லாம் வெறைக்கி, கை மட்டும் குளிரவே இல்ல ஏட்டி" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை கடையத்திலிருந்து ஒரு ஆச்சி கடைக்கு வந்தார். எங்களிடம் வாங்கிப் போன அலுமினியப் பானை துணிப் பையில் இருந்தது. "சூடு ஏறாதுன்னு சொன்னியளே அண்ணாச்சி, எம் மருமவ அத நம்பி வெறுங்கையால எறக்கி, ரெண்டு கையும் பொத்துப் போயி கெடக்கா" என்று, கோபமாகக்கூட இல்லாமல், சொன்னாராம். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வீடு பக்கத்தில்தான், நேரிலேயே பாருங்கள் என்று ஆச்சியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. நான் அம்மிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"எறக்கிக் காட்டு" என்றார் அப்பா.

அம்மாவுக்கு வெளியாள் முன்னால் வெட்கம். முந்தானையைச் செருகிக்கொண்டு, பானை விளிம்பைப் பிடித்து, நிதானமாக இறக்கித் தரையில் வைத்தாள். அப்பா ஆச்சியைப் பார்த்தார். ஆச்சி குனிந்து பானையை ஒரு விரலால் தொட்டு, சட்டென்று எடுத்து, அந்த விரலைக் காதுமடலில் வைத்துக்கொண்டார். பிறகு பானையைப் பார்க்கவில்லை, அம்மாவின் கையைத்தான் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஊர் எது, எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் பேச்சுக் கொடுத்தார். அம்மா சுரண்டை என்று சொல்லி, என்னைக் காட்டிக்கொண்டிருந்தபோது, அவளுடைய சுண்டுவிரலை நகத்தால் அழுத்திக் கிள்ளினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், நகம் பதிந்தது.

"தெரியுதா தாயி?"

"எது?" என்றாள் அம்மா.

ஆச்சி கையை விட்டுவிட்டு எழுந்தார். வாசல்படியில் அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னது எனக்கும் கேட்டது. "பாத்திரத்துல கொற ஒண்ணுமில்ல அண்ணாச்சி, எல்லாச் சட்டியும் போலச் சுடத்தான் செய்யுது. உங்க வீட்டம்மா கைய டாக்டர்ட்ட காட்டுங்க. எங்க அண்ணனுக்கு இப்பிடித்தான் ஆரம்பிச்சுது. அப்பம் மருந்து இல்ல, இப்பம் மாத்திரை இருக்காம்." திருப்பிக் கொடுப்பதற்காகக் கொண்டுவந்த பானையைப் பையோடு எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

டாக்டர் அம்மாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். இரண்டு கண்ணாடிக் குழாய்களில் ஒன்றில் வெந்நீர், ஒன்றில் பச்சைத் தண்ணீர். மாற்றி மாற்றிக் கையில் வைத்து எது சுடுகிறது என்று கேட்டார். அம்மா நல்ல மாணவியைப்போல யோசித்து யோசித்து, கடைசியில், "ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு" என்றாள். டாக்டர் நோயின் பெயரை இங்கிலீஷில் சொன்னார். குஷ்டம்தான், ஊரில் அதற்கு "பெருவியாதி" என்று பெயர். எனக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. ஜன்னல் கம்பியில் வரிசையாகத் தொங்கிய மழைத்துளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்றும் தோன்றாமல் இருந்த நிலை அன்றைக்கு ஆரம்பித்து ரொம்ப காலம் இருந்தது.

அந்தக் காலத்தில் அந்த வார்த்தை ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அந்த வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். நாங்களோ ஊருக்குச் சோறு வடிக்கப் பாத்திரம் கொடுக்கிறவர்கள். வெளியே தெரிந்தால் கடை போய்விடும், கடை போனால் சாப்பாடு போய்விடும். அம்மாவைப் பேசாமல் சுரண்டைக்கே அனுப்பிவிடு, இல்லாவிட்டால் இதற்கென்று இருக்கிற ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடு, பிள்ளை இருக்கிற வீடு என்று சொந்தக்காரர் ஒருவர் வந்து சொன்னார். அம்மா பெட்டியில் சேலைகளை மடித்துவைக்க ஆரம்பித்துவிட்டாள், அதையும் நான் பார்த்தேன். அப்பா சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "இங்கனயே இருப்பா. கடைய மூடணும்னா மூடிக்கிடுதேன்."

ஆனால் வீடு இரண்டாகப் பிரிந்தது. புறவாசலை ஒட்டி விறகு வைத்திருந்த அறையை ஒழித்து அம்மாவுக்குக் கொடுத்தோம். அவளுக்கென்று ஒரு அலுமினியத் தட்டு, ஒரு அலுமினிய டம்ளர், தண்ணீர் மொள்ள ஒரு போணி. செம்பும் பித்தளையும் எங்களுக்கு. யாரும் உட்கார்ந்து பேசி அப்படி முடிவு செய்யவில்லை, அதுவாகவே ஆயிற்று. காலையில் அப்பா உலை வைத்தார், சாயங்காலம் நான். அம்மா கதவு நிலையைத் தாண்டாமல் அங்கிருந்தே உப்பு எவ்வளவு என்று சொல்வாள். நான் சோற்றை அவள் தட்டில் படாமல் மேலிருந்து போடுவேன்; தட்டில் சோறு விழுகிற அந்தச் சத்தம் மட்டும் எனக்கு இன்றைக்கும் தனியாகக் கேட்கும். அவள் என்னைத் தொடவில்லை. தொட்டாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை என்று ஒரு நாள் எனக்குத் தோன்றியது, தோன்றிய பிறகும் ஒன்றும் ஆகவில்லை, போய் வீட்டுக்கணக்குப் போட்டேன்.

கடையில் அலுமினியம் நன்றாக விற்க ஆரம்பித்திருந்தது. சூடு ஏறாது என்று சொன்னீர்களே என்று யாராவது கேட்டால், அப்பா தராசைத் துடைத்துக்கொண்டே, "எல்லாம் சூடு ஏறும்மா. துணி வச்சு எறக்குங்க" என்பார். கடையத்து ஆச்சி எங்கேயும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருஷம் தன் மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் வாங்க வந்து, குடமும் தவலையும் எங்கள் கடையிலேயே எடுத்தார். "வீட்ல எப்பிடி இருக்காவ?" என்று கேட்டார். "மாத்திரை சாப்பிடுதா" என்றார் அப்பா. அவ்வளவுதான் பேச்சு.

மாத்திரை வருஷக்கணக்கில் போயிற்று. நான் தாவணி போட்ட பிறகு ஒரு நாள், நோய் நின்றுவிட்டது, இனி எல்லோரோடும் புழங்கலாம், ஆனால் போன உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு அப்பா கடையிலிருந்து இருப்பதிலேயே லேசான, கைப்பிடி வைத்த புது அலுமினியப் பானையைக் கொண்டுவந்து அடுப்புப் பக்கத்தில் வைத்தார். அம்மா அதை ஓரமாக நகர்த்திவிட்டு, பரணிலிருந்து செம்புப் பானையை இறக்கச் சொன்னாள். கறுத்துப்போய்க் கிடந்ததை அவளே புளி போட்டுத் தேய்த்தாள்.

"அந்தக் கனத்த எதுக்குத் தூக்கிச் சாகணும்?" என்றார் அப்பா.

"கனமா இருக்கதுனாலதான். இதுன்னா துணி இல்லாம தூக்க முடியாதுல்லா" என்றாள்.

அதற்குப் பிறகு கடைசிவரை அவள் செம்பில்தான் சமைத்தாள். டம்ளரை, தோசைக்கல்லை, குழம்புக் கரண்டியை என்னிடம் நீட்டி, "ஏட்டி, சுடுதா பாரு" என்பாள். நான் தொட்டுச் சொல்வேன். கல்யாணமாகிப் போகும்வரை அவளுடைய விரல்கள் என்னுடையவைதான். கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோதும் பக்கத்தில் நான்தான் இருந்தேன். பார்வை மங்கியிருந்தது. "கையப் பிடிச்சிருக்கியா?" என்று கேட்டாள். "பிடிச்சிருக்கேம்மா" என்றேன். சரி என்று தலையை ஆட்டினாள்.

பள்ளிக்கூடத்தில் ரொம்ப காலம் வேதியியல் நடத்தினேன். செம்பு, அலுமினியம் இரண்டையும் ஒப்பிடுக என்ற கேள்வி வரும். கரும்பலகையின் நடுவே கோடு போட்டு, நிறம், எடை, அமிலத்தில் என்ன ஆகும், வெப்பத்தை எப்படிக் கடத்தும் என்று இரண்டு பக்கமும் எழுதுவேன். இரண்டும் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், செம்பு இன்னும் கூடுதல். மாணவிகள் எழுதிக்கொள்வார்கள், மணி அடிக்கும்.

அப்பாவின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். என் மகன் வீட்டு அடுப்பங்கரையில் எல்லாம் எவர்சில்வர், பிடிகளுக்குப் பிளாஸ்டிக் உறை. சுடுகிறதா என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அம்மாவின் அலுமினியத் தட்டு எங்கே போயிற்று என்று தெரியவில்லை, தேடவும் இல்லை. செம்புப் பானை மட்டும் கூடத்து மூலையில் காகிதப் பூக்களோடு நிற்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை பூவை எடுத்துவிட்டு அதைத் தேய்க்கக் கொண்டுபோவேன். அது சில்லென்றுதான் இருக்கும். ஆனாலும் துணி வைத்துத்தான் தூக்குகிறேன்.